பீடத்தில் மிஞ்சிய பூட்ஸ்

வெள்ளைக்காரனை விரட்டிய தளபதி, பிறகு கேள்வி கேட்டவர்களையும் விரட்டினான். கடைசியில் ஜனங்கள் கொதித்தெழுந்து, சதுக்கத்தில் நின்ற அவனுடைய வெண்கலச் சிலையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். சிலை கணுக்காலோடு முறிந்து விழுந்தது. பீடத்தில் பூட்ஸ் இரண்டும் மட்டும் மிஞ்சின.

"இனி நம்மை உருக்கிப் பள்ளிக்கூடத்துக்கு மணி வார்ப்பார்கள், பாரேன்!" என்றது இடது பூட்ஸ்.

"வார்க்கட்டும், பார்ப்போம்," என்றது வலது.

மறுவருஷம் புதுச் சிலை ஒன்று வந்தது. அதற்குப் பாதங்கள் இல்லை. இருக்கிற பூட்ஸே போதும் என்று மேலிடத்து உத்தரவாம். அண்ணாந்து பார்த்த இடது பூட்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ! அன்றைக்கு முதல் ஆளாகக் கயிற்றை இழுத்தவன் அல்லவா இவன்!"

அதற்குள் வலது பூட்ஸில் கால் இறங்கிவிட்டிருந்தது. அளவு இம்மிகூடப் பிசகவில்லை.