நடுச்சுவர்

“கதவு தரையில உரசுது, ஜன்னல் சந்துல காத்து வருது, குளியலறை டைல்ஸைத் தட்டினா டொக்குங்குது. எல்லாம் எழுதிக்கிட்டேன், மேடம். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பொதுவான இந்த நடுச்சுவரைப் பத்தி மட்டும் ஒண்ணுமே சொல்லலையே?”

கட்டட நிறுவனத்திலிருந்து வந்திருந்த கிரெய்க் பேனாவை மூடாமல் நின்றான்.

“அதுல சொல்ல என்ன இருக்கு, கண்ணு? சுவருன்னா நிக்கணும். நிக்குது” என்றாள் மியூரியல் ஆக்ராய்டு.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரச் சந்தையில் ஆயுசு முழுக்கத் திரைச்சீலை விற்றவள் அவள். கணவர் போன பிறகு பெரிய வீடு எதற்கென்று, பழைய கம்பளி ஆலையை வீடுகளாகத் தடுத்துக் கட்டிய இந்தக் குத்தகை வீட்டுக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து கிரெய்க்கைக் கரும்பாகப் பிழிந்துவிட்டாள். தரைக்கு மெருகு பூசித் தருவதாகச் சொன்னவனை, பலகையையே மாற்றித் தருவதாகச் சொல்ல வைத்திருந்தாள். ஓசியில் ஒரு ஆணி வந்தாலும் விடாதவள், முழுச் சுவரையும் விடுவதாவது?

“மேல்மாடியில எல்லாரும் புலம்புறாங்க, மேடம். பக்கத்து வீட்டுல தும்மினா, ‘ஆண்டவன் காப்பாத்தட்டும்’னு இங்கேருந்து சொல்ல வேண்டியிருக்காம். உங்க சுவரும் அதே மெல்லிசுப் பலகைதான்.”

“அவங்களுக்குக் காது நீளம்.”

“கேரண்டி இந்த வாரத்தோட முடியுது. அப்புறம் கேட்டா குத்தகைப் பத்திரத்தைக் காட்டி, கைக்காசைப் போடச் சொல்லிடுவாங்க. இப்போன்னா சும்மா. பஞ்சு அடைச்சு, இன்னொரு பலகை வச்சு மூடிட்டா, அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் உங்களுக்குக் கேக்காது.”

மியூரியல் கையை நீட்டித் தடுத்தாள்.

“சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது.”

கிரெய்க் குரலைத் தாழ்த்தினான். “அனுமதி இல்லாம ஏதாவது குடைஞ்சிட்டீங்களா? அலமாரி, கிலமாரி? சொல்லுங்க, நான் பார்க்காத மாதிரியே இருந்துக்கறேன்.”

“நீயே தடவிப் பாரேன். ஒரு ஓட்டை இருந்தா என் பேரை மாத்திக்கறேன்.”

தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

“அப்போ பக்கத்து வீட்டுச் சத்தம்?”

“ஹார்ஸ்ஃபாலா? அந்த மனுஷன் உள்ளே இருக்காரா, வெளியே போனாரான்னே எனக்குத் தெரியாது. படியில பார்த்தா, ‘மழை வரும் போல’ம்பார். ‘ஆமா, வரும் போல’ம்பேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“சரி, அவரையே கேட்டுடறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் சத்தம் கேக்குதுன்னு சொன்னாலும் நாளைக்கே ஆள் அனுப்பி மூடிடணும்னு உத்தரவு.”

அவள் குறுக்கே வந்து நின்றாள். “அவரை எதுக்குத் தொந்தரவு பண்றே? உக்காரு, டீ போடறேன். இந்தா பாரு, அந்தக் கதவு வேணாம், விட்டுடு. ஜன்னலையும் விட்டுடு.”

எதிராளி வாய் திறக்கும் முன்பே அவள் தானாக இறங்கி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“கேக்காம விட்டா என் வேலை போயிடும், மேடம்” என்று நழுவி வெளியேறினான் கிரெய்க்.

பக்கத்து வீட்டு மணி அடித்தது. மியூரியல் சுவர் அருகே போனாள். காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கிரெய்க் தன் அறையிலேயே நிற்பதுபோல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“சார், அந்தம்மா வீட்டுச் சத்தம் ஏதாவது இங்கே கேக்குதா?”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் ஹார்ஸ்ஃபால் திருப்பும் வானொலி, சமைக்கும்போது முணுமுணுக்கும் பாட்டு, ‘சரி, படுக்கலாம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல். இவற்றை மூடிவிட்டால், இந்த வீட்டில் அவளுக்கு வேறு மனிதச் சத்தமே கிடையாது.

“சத்தமா? மூச்சுக்கூடக் கேக்காதுப்பா” என்றார் ஹார்ஸ்ஃபால் அவசரமாக. “சுவத்துல மட்டும் கை வச்சுடாதீங்க. தூசி கிளம்பும். பாவம், அந்தம்மாவுக்கு நேத்து ராத்திரியெல்லாம் ஒரே இருமல்!”