தோளில் ஒரு கை

சுவரில் நாற்பது வருஷமாகத் தொங்கும் கல்யாணப் படம், மேஜைமேல் கிடந்த கைப்பேசியைப் பார்த்துக் கத்தியது.

"என்னைப் படம் பிடித்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இருக்கிற குழுவில் போட்டாய். அதுகூடப் போகட்டும். மணப்பெண் பக்கத்தில் நின்ற கோதை, மாப்பிள்ளையின் தங்கச்சி, எங்கே?"

"வெட்டியாச்சு," என்றது கைப்பேசி. "வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவளாமே. அவள் அண்ணன்தான் வெட்டச் சொன்னார். அதற்குள் முந்நூறு லைக், தெரியுமா?"

"அவள் போன அன்றைக்கு இந்த வீடே கொதித்தது. அப்போதுகூட யாரும் என்மேல் கத்தரி வைக்கவில்லை. இதில் 'எங்கள் அன்பான குடும்பம்' என்று தலைப்பு வேறயா? வெட்கமாயில்லை?"

கைப்பேசி பதில் சொல்வதற்குள் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "மணப்பெண்ணின் தோளில் ஒரு கை தெரிகிறதே, அது யாருடையது?"

அண்ணன் ஓடி வந்து அவசரமாகத் தட்டினார்: "யாரோ பக்கத்து வீட்டுப் பெண்."

உடனே அதன் கீழே இன்னொரு பதில் வந்து விழுந்தது.

"என் கைதான் அண்ணா. அந்த வளையல் நீ வாங்கித் தந்தது. கோதை."

அண்ணனின் விரல் அப்படியே நின்றது.

"இப்போது வெட்டேன், பார்க்கலாம்!" என்றது படம்.