அடுப்படிச் சத்தம்

சின்னவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். அடுப்படியில் மிக்ஸி அலறியது.

நிறுத்தினாள். மிக்ஸியும் நின்றது.

மறுபடி ஆரம்பித்தாள். மிக்ஸியும் ஆரம்பித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் புருஷனிடம். "நான் வாயைத் திறந்தாத்தான் உங்க அண்ணிக்கு அரைக்கணும்னு தோணுது."

சின்னவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது, அப்படி ஒரு கைராசி. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மைக்கில் இங்கிலீஷ் பேசும் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும். இந்தத் தடவை தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேட்ரன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பெரியவளும் ஒரு காலத்தில் இதே பரீட்சைக்குப் போனவள்தான். தோற்று வந்தாள். என்ன நடந்தது என்று யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"எல்லாம் வயித்தெரிச்சல்," என்றான் சின்னவன். "தான் கோட்டை விட்டதை நீ பிடிச்சிடுவியோன்னு."

சின்னவள் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிப் பார்த்தாள். பெரியவள் துணி உலர்த்த வந்தாள். வந்தவள் சும்மா உலர்த்தினாளா? போனில் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஊர்க்கதை மொத்தத்தையும் இவள் காதோரம் நின்று பேசித் தீர்த்தாள்.

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பரீட்சை நெருங்கிடுச்சு. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருங்களேன்."

"நாலு பேர் இருக்கற வீடுன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். உன் வாயை யாராவது பொத்தினாங்களா? நீ பாட்டுக்குப் பேசு."

"நான் பேசறது எனக்கே கேக்கலையே."

"உனக்குக் கேக்கணுமா, மைக்குக்குக் கேக்கணுமா?"

சின்னவள் விறுவிறுவென்று அறைக்குள் போனாள். மிக்ஸியா நானா, பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு. மிக்ஸி ஓட ஓட இவளும் பேசினாள். பாத்திரம் விழுந்தது, பேசினாள். டிவி அலறியது, பேசினாள். முதலில் தடுமாறினாள், திக்கினாள், அழக்கூடச் செய்தாள். அப்புறம் அப்புறம் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

பரீட்சை நாளும் வந்தது.

சின்ன ஹால். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். நடுநடுவே பேருக்கு ஒரு தடுப்பு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேள்வி வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

சந்தை தோற்றது. பக்கத்து சீட்டு ஆள் மைக்கையே கடித்துத் தின்றுவிடுவதுபோலக் கத்தினார். கொஞ்சம் பேச்சை நிறுத்தினாலும் மைக் தானாக மூடிக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேம்பினாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம வீட்டு அடுப்படிக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

பேசினாள். மணி அடிக்கும்வரை நிறுத்தாமல் பேசினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பெரியவள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாளோ.

"பக்கத்துல இருந்தவங்க ரொம்பக் கத்தினாங்களா?"

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். ஹாலில் நடந்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"கத்தினாங்கக்கா."

"நீ நிறுத்தலையே?"

"ஒரு இடத்துலகூட நிறுத்தலை."

பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கு என் பேரைச் சொல்றதுக்கே வாய் வரலைடி," என்றாள்.

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இல்லைன்னா நான் இன்னைக்கு அங்க அழுதுக்கிட்டு உக்காந்திருப்பேன். இது தெரியாம உங்களை நான் என்னவெல்லாம் நெனச்சுட்டேன். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

"போடி. நன்றியாம் நன்றி. எனக்கு வேலை இருந்துச்சு, நான் அரைச்சேன். நீயா பேசின, நீயா ஜெயிப்ப. போய் முகத்தைக் கழுவு." கையை உதறிக்கொண்டு பெரியவள் உள்ளே போய்விட்டாள். போகிற அவசரத்தில் நிலையில் இடித்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்கோடு தேறியிருந்தாள். மேட்ரனே போன் செய்து வாழ்த்தினார்.

சின்னவனுக்கு மட்டும் அண்ணி விஷயத்தில் மனசு இறங்கவில்லை.

"அவங்க வாயாலயே சொன்னாங்கல்ல, வேலை இருந்துச்சு, அரைச்சேன்னு? ஏதோ தற்செயலா அது உனக்கு நல்லதாப் போச்சு. அதுக்காக அவங்களைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடாதே," என்றான், சாப்பிட உட்கார்ந்தபடி.

சின்னவள் அவனுக்குத் தட்டு வைத்தாள்.

"இத்தனை நாளா மிக்ஸி ஓடுச்சே, அரைச்சதுன்னு ஏதாவது ஒண்ணு, ஒரு நாளாவது உங்க தட்டுக்கு வந்துச்சா?"