கையை வையுங்க, முதலாளி

"சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு. கை உள்ளே போனா இந்தத் தகடு அழுத்துற பிரஸ் தானா நின்னுடும். வேலையைச் சீக்கிரம் முடிக்க, அன்னிக்கு இவளே அதுமேல டேப் ஒட்டியிருந்தா!"

சீனாவின் டோங்குவான் நகரத் தொழிற்சாலையில், விபத்தை விசாரிக்க வந்த ஆய்வாளரிடம் சாதித்தார் முதலாளி குவாங்.

அந்த பிரஸ்ஸில் வலது கையின் மூன்று விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளி ஷுயிங், இடது கையால் அதை ஓடவிட்டாள்.

"அப்ப உங்க கையை வையுங்க, முதலாளி."

குவாங் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வையுங்க. நான் தினமும் வெச்சேனே!"

"ஐயோ, வேண்டாம்! சென்சார் ஒயரை நான்தான் வெட்டச் சொன்னேன்!"

ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டார்.

ஷுயிங் நிதானமாகத் தன் இடது கையை உள்ளே நீட்டினாள். பிரஸ் சட்டென்று நின்றது.

"விசாரணைன்னு பயந்து, உங்களுக்குச் சொல்லாமலே மேனேஜர் காலையில ஒயரைச் சேர்த்துட்டாரு. அதைப் பார்த்துட்டுத்தான் கையை வைக்கச் சொன்னேன். வெச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க, முதலாளி!"