திருப்பி வைத்த சீட்

"பாருங்க சார், இப்ப திருப்புவா."

மூன்றாவது மாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள் பயிற்சி மாணவி. அவளுக்குப் பின்னால் ஆபீசர், கையில் காபியோடு.

கீழே, பொதுச் சைக்கிள் திட்டத்தை நடத்துகிற அந்த ஆபீஸின் வாசலை ஒட்டிய ஸ்டாண்டில், சைக்கிள் துடைக்கிற அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். கடைசியில் நின்ற சைக்கிளின் சீட்டைத் தளர்த்திப் பின்பக்கமாகத் திருப்பினாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுத்ததைத் துடைக்கப் போனாள்.

சீட் திரும்பியிருந்தால் சைக்கிள் ரிப்பேர் என்று அர்த்தம். வாடகைக்கு எடுக்க வருகிற யாரும் அதைத் தொட மாட்டார்கள். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

"நல்ல சைக்கிள் சார் அது. மத்தியானம் நானே ஓட்டிப் பார்த்தேன். பெல்கூட அடிக்குது."

"அப்போ யாருக்கோ பிடிச்சு வைக்கிறா."

"அதேதான் சார். நேத்து ஒரு அம்மா போன்ல அழாத குறை. குழந்தைக்கு ஜுரம்னு டே கேர்ல இருந்து கூப்பிட்டாங்களாம். ஓடி வந்து பார்த்தா, இருந்த ஒரே சைக்கிளும் சீட் திரும்பி நிக்குதாம். பொது வண்டிய தன் வீட்டுச் சொத்து மாதிரி வெச்சுக்கிட்டா எப்படி சார்?"

இன்டர்ன்ஷிப் என்று மாணவி வந்ததிலிருந்து ஜெராக்ஸ் எடுத்ததும் ஆபீசர் சொல்லச் சொல்ல டைப் அடித்ததும்தான் மிச்சம். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பின பிறகும் அவளை மட்டும் உட்காரவைத்து வேலை வாங்கினார். இன்றைக்குத்தான் அவளே கண்டுபிடித்த ஓர் அநியாயம் கையில் சிக்கியிருக்கிறது. விடுவாளா?

இருவரும் கீழே இறங்கினார்கள்.

"எவ்வளவு வாங்கறே?" எடுத்த எடுப்பிலேயே கேட்டார் ஆபீசர்.

"காசெல்லாம் வாங்கல சார்."

"அப்புறம் யாருக்கு இது?"

அக்கா துணியைப் பிழிந்தாள்.

"ஏங்க, சார் கேக்கறார்ல? யாருக்காகப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

நேற்றுவரை 'அக்கா', இன்றைக்கு 'ஏங்க' ஆகிவிட்டாள். மாணவியின் குரல் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். கேட்டில் இருந்த செக்யூரிட்டிகூட எழுந்து வந்துவிட்டார்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்தாள்.

"தப்புதாங்க. விட்டுடுங்க. இனிமே செய்யல."

"அதெப்படி விடறது? பேரைச் சொல்லும்மா. நம்ம ஆபீஸ்ல யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"யாருமில்ல சார்."

"யாருமில்லாமயா தினமும் திருப்பி வைக்கறீங்க? எத்தனை தடவைதான் கேக்கறது, யாருக்கு?"

அக்கா குனிந்து வாளியை எடுத்தாள். மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு ஜுரம் என்று ஓடி வந்த அம்மா என்ன பாவம் செய்தாள்?

"எவ்வளவு திமிர் பாருங்க சார். பிடிபட்ட பிறகும் ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டேங்கறாங்க. இவங்கள வேலைக்கு வெச்சுக்கிட்டு 'எல்லோருக்கும் சைக்கிள்'னு நாம போஸ்டர் ஒட்டறது வெட்கக்கேடு."

ஆபீசர் அங்கேயே நின்று காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும், "நாளைலேருந்து நீ வர வேணாம்" என்றார்.

அக்கா வாளியையும் நீல யூனிபாரத்தையும் கேட்டில் ஒப்படைத்தாள். செக்யூரிட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

மாணவி தன் கையாலேயே அந்த சீட்டை நேராகத் திருப்பினாள். அடுத்த நிமிஷமே ஒரு பையன் வந்து அதை எடுத்துக்கொண்டு போனான். பொது வண்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீசருக்கும் குஷி. "இதை ரிப்போர்ட்டா எழுதி இன்னிக்கே முடிச்சுக் கொடு. உன் சர்டிபிகேட்ல நானே நாலு நல்ல வரி எழுதறேன்."

எழுதி முடித்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டாண்ட் காலி. ஒரு சைக்கிள்கூட இல்லை.

ஆபீசரின் கார் அவள் பக்கத்தில் மெதுவானது. "வெரி குட். நாளைக்குப் பார்ப்போம்." பின் சீட்டில் லேப்டாப் பை மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. 'வாகனம் பகிர்வோம்' ஸ்டிக்கரோடு கார் போயே போய்விட்டது.

ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் பாதி தூரம் ரயில்வே சுவர்தான். விளக்கு கிடையாது. சேர்ந்த புதிதில் ஒருநாள் சைக்கிள் கிடைக்காமல் அந்த வழியாக நடந்தபோது, எவனோ ஒருத்தன் கடைசிவரை பின்னாலேயே வந்தான். மறுநாள் இதே ஸ்டாண்டில் நின்று அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள். ஆனால் அதற்கப்புறம் அவளுக்குச் சைக்கிள் இல்லாமல் போனதே இல்லை. எவ்வளவு நேரமானாலும் கடைசியில் ஒன்று நிற்கும். நமக்கு நல்ல ராசி என்றுதான் நினைத்திருந்தாள்.

"என்னண்ணா, இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல?"

செக்யூரிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கும்? நீ லிஃப்ட விட்டு வெளிய வர்றதப் பார்த்துட்டு, சீட்டை நேரா திருப்பி வெச்சுட்டுத்தானே அந்தம்மா தினமும் வீட்டுக்குக் கிளம்பும்."

அவள் காலி ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா... யாருக்குன்னு நான் அத்தனை தடவை கேட்டேனே. உனக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ தனியா வந்து கேட்டிருந்தா சொல்லியிருக்கும். பக்கத்துல உங்க சார் இல்ல, ஆளை வீட்டுக்கு அனுப்பிடறேன்னு நின்னுட்டிருந்தாரு?"