உடல் கிடைக்கவில்லை
மழை ஜன்னலில் வழிகிறது. ஸ்காட்லாந்துச் சுரங்க விபத்துகளின் இணையப் பட்டியலில், 'உடல் கிடைக்கவில்லை' என்ற குறிப்போடு தாத்தாவின் பெயரைப் பார்த்த எஃபி, அடுத்ததாகக் கனடாவின் திருமணப் பதிவு ஒன்றைத் திறந்து உறைந்துபோகிறாள். அதே பெயர், அதே ஊர், அதே பெற்றோர். விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து இன்னொருத்தியோடு கல்யாணம். "நல்லாப் பாரு, வேற யாராவது இருக்கும்," என்கிறார் எண்பது வயது அப்பா ஆர்ச்சி. "பாட்டியோட கல்யாணப் பதிவுல தாத்தா போட்ட கையெழுத்தும் இதேதான்ப்பா." "எங்கம்மா சாகுற வரைக்கும் துக்கக் கறுப்புத்தான் உடுத்துனா." திரை வெளிச்சத்தில் அவர் முகம் வெளிறிக் கிடக்கிறது. தட்டில் வெண்ணெய் தடவிய ஓட்ஸ் ரொட்டியை அவர் தொடவில்லை. "பிள்ளைங்க உண்டா?" என்கிறார். எஃபி கனடாவின் பிறப்புப் பதிவைத் திறக்கிறாள். "ஒரு பையன்." "பேரு?" அவள் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையருகே குனிந்து, தன் பெயரையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.