நெல் காயும் ரோடு

"சாவியைப் பிடுங்குங்கடா. நஷ்டத்துக்கு ஒரு வழி சொல்லாம இவன் வண்டி நகரக் கூடாது."

சாமிதுரை ஒற்றைக்காலில் நின்றார். மன்னார்குடி ரோட்டை விட்டு இறங்கிய உர லாரி, அவருடைய உளுந்து வயலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டிரைவர் யூனுஸ் நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி நின்றான். ஊரே வயலுக்குள் இறங்கிவிட்டது.

மேலே ரோட்டில் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் சாமிதுரையுடையதுதான். ஊர்க் களத்தை எடுத்துத்தான் அந்த ரோட்டை அகலமாக்கினார்கள். இந்த ஆட்சி, அந்த ஆட்சி என்று இரண்டிலும் மனுக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"களத்தை ரோடாக்கினீங்க இல்ல? நான் ரோட்டைக் களமாக்கறேன்" என்று அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். இன்றைக்கும் விடவில்லை.

"குடிச்சிருக்கியா?"

"அந்தப் பழக்கமே இல்லைங்கண்ணே."

"அப்ப பிரேக் எங்க போச்சு? கதவுல ஏ.பி.எஸ்.னு கொட்டை எழுத்துல போட்டிருக்க. மிதிச்ச இடத்துல நிக்கும்னு சொல்றாங்களே?"

"வெறும் தார்ல நிக்கும்ண்ணே. நெல்லு மேல நிக்காது. மிதிச்ச காலை நான் எடுக்கவே இல்லை. பெடல் உதறுது, வண்டி உருண்டுக்கிட்டே போவுது. சக்கரம் இறுகாததால ஸ்டீயரிங் மட்டும் பேச்சைக் கேட்டுச்சு. வலது பக்கம் பஸ்சு. அதான் வயல்ல இறக்கினேன்."

"ஏன் இறக்கணும்? நேரா நெல்லு மேலயே ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே? உளுந்து எல்லாம் போச்சே."

நெல்லில் சைக்கிள் டயர் பட்டாலே சண்டைக்குப் போகிறவர் இப்படிச் சொன்னது, கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

"அதைத்தான் சொல்ல வர்றேன். விட மாட்டேங்கறீங்களே."

"ஒண்ணும் சொல்ல வேணாம். போலீஸ் வரட்டும்."

யூனுஸ் அதற்கு மேல் வாதாடவில்லை. அவர் கையைப் பிடித்தான். கரகரவென்று ரோட்டுக்கு இழுத்து வந்தான்.

நெல்லில் அழுத்தமாகப் பதிந்திருந்த டயர் தடம் ஓரிடத்தில் சட்டென்று இடது பக்கம் வளைந்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, நெல் மூடும் படுதா விரிந்து கிடந்தது. படுதாவுக்கு வெளியே மெட்டி போட்ட இரண்டு கால்கள்.

சாமிதுரை குனிந்து அந்த மெட்டியைப் பார்த்தார். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது என்று காலையில் சொன்ன மனைவியை, "நெல்லைக் கிளறிவிட்டுட்டு மாத்திரை போட்டுக்க" என்று அனுப்பியது அவர்தான்.

"கண்ணாத்தா..."

குரல் கேட்டுப் படுதா அசைந்தது. கண்ணாத்தாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துப் பதறினாள்.

"கோவிச்சுக்காதீங்க. மாத்திரை அசத்திடுச்சு. நெல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?"